கொள்முதலைக் கிளை மேலாளரிடம் ஒப்படைக்கும் முறை: சேலம் வட்டாரக் கடைத் தொடர்களுக்கு

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். சேலம் ஐந்து ரோட்டிலோ அம்மாபேட்டையிலோ கடை வைத்திருப்பவருக்கு வருடத்தில் சில விடியற்காலைகளில் மட்டும் தலைகாட்டும் சங்கதி இது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ, கார்த்திகை பிறந்துவிட்டால் குறுகிய வாய் பாட்டிலில் அடைத்த எண்ணெயை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். நான் கொள்முதல் பொறுப்பில் இருந்த மளிகைக் கடைத் தொடர் ஒன்றில், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியல் என்ற விதிப்படி அந்தப் பாட்டில்கள் மூன்று குளிர்காலம் தொடர்ந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போயின. மாசிக் கடைசியில் அப்படியே கீழே இறங்கின. “வாய் அகலமான டப்பாவா அனுப்புங்கன்னு போன வருசமே சொன்னேனுங்க சார், உங்க படிவத்துல அதை எழுத இடமே இல்லீங்க” என்று அந்தக் கிளை மேலாளர் சொன்ன பிறகுதான், கோளாறு அவரிடம் இல்லை, நான் வடிவமைத்த படிவத்தில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

ஐந்து முதல் இருபது கிளைகள் வரை வைத்து, ஒரே குடோனிலிருந்து, ஒரே கொள்முதல் பிரிவின் முடிவுப்படி சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் மளிகை, பல்பொருள் கடை உரிமையாளர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கிளைகளைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றியோ உரிமம் விற்பதைப் பற்றியோ இங்கே பேசவில்லை. கடை உங்களுடையதாகவே இருக்க, எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது, எங்கே அடுக்குவது என்ற முடிவை மட்டும் கல்லாவுக்கு அருகில் நிற்பவரிடம் மாற்றிக் கொடுப்பதே நோக்கம்.

இது புதிய யோசனை அல்ல. சுவீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கியில் 1970 இல் தலைமைப் பொறுப்பேற்ற யான் வாலாண்டர், கடன் கொடுக்கும் முடிவைக் கிளைகளுக்கே விட்டதோடு ஆண்டு பட்ஜெட் போடும் வழக்கத்தையும் ஒழித்தார். சில்லறை வணிகத்தில் இன்னும் நெருக்கமான உதாரணம், பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகள். 2011 இல் அவற்றின் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் டான்ட், முன்மேசையில் தங்கள் புத்தகத்தை வைக்கப் பதிப்பகங்கள் கொடுத்துவந்த பணத்தை வாங்குவதை நிறுத்தி, எதை முன்னால் வைப்பது என்பதைக் கடைக்காரர்களே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டார். 2019 இல் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்டு நோபல் தொடருக்குத் தலைவரானபோதும் இதே வழியில்தான் போனார். புத்தகத்தில் நமக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: விற்காததைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம், கெட்டும் போகாது. நம் பருப்பில் வண்டு விழும், பிஸ்கட் எக்ஸ்பயரி ஆகும். ஆகவே அவர்கள் செய்ததை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் எதிலிருந்து தொடங்கினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ரேக் வாடகையில் தொடங்குங்கள்

சோப்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட் கம்பெனிகள் கடையின் நல்ல இடத்தில் தங்கள் சரக்கை அடுக்குவதற்காகக் கொடுக்கும் டிஸ்ப்ளே தொகை பெரும்பாலும் தலைமை அலுவலகத்துக்கே வருகிறது. மேலாளரின் கண்ணில் அந்தப் பணம் படுவதே இல்லை, ஆனால் நுழைவாயிலுக்கு எதிரே உள்ள ரேக்கும் கல்லாவுக்குப் பக்கத்து ரேக்கும் அதற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன. இந்த நிலையில் “இனி கடை உன்னுடையது” என்று சொன்னால் அவர் மனதுக்குள் சிரிப்பார். முதல் வேலையாக, சென்ற ஆண்டு இப்படி வந்த தொகை எவ்வளவு என்று கிளைவாரியாக எழுதி உரிமையாளர் முன் வைக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் அவர் சம்மதித்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். மறைத்துவிட்டுத் தொடங்கினால் ஆறாவது மாதத்தில் வரவு குறைந்திருப்பதைக் காட்டி எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவார்.

நடப்பில் உள்ள ஒப்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை. காலம் முடிய முடியப் புதுப்பிக்காமல் விடுங்கள். அல்லது அந்தக் கிளையின் பங்குத் தொகையை அந்தக் கிளையின் கணக்கிலேயே வரவு வைத்து, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை மேலாளரிடமே கேளுங்கள். எங்கள் ஆத்தூர்க் கிளை மேலாளர் இரண்டு ரேக்கை வைத்துக்கொண்டு ஒன்றை விட்டார். விட்ட இடத்தில் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஏறின. அது சரியா தவறா என்று இரண்டு மாதம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பழைய சரக்கை உங்கள் செலவில் கழியுங்கள்

அடுத்து வருவது அலுப்பான வேலை, ஆனால் இதில் குறுக்கு வழி கிடையாது. மேலாளர் தான் வாங்காத சரக்கின் நட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு பொறுப்பேற்கக் கூடாது. கடையை மூடிய பிறகு, இரண்டு அல்லது மூன்று இரவுகளில், தலைமை அலுவலகத்தின் ஒருவரும் கிளையின் ஒருவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். 90 நாளாக அசையாத சரக்கு, 45 நாளுக்குள் காலாவதியாகும் சரக்கு ஆகிய இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்வது திரும்பட்டும். வேறு கிளையில் ஓடக்கூடியது அங்கே போகட்டும். மற்றதைத் தள்ளுபடியில் விற்று, மிஞ்சியதை அழித்துவிடுங்கள். இந்த நட்டம் முழுவதும் தலைமை அலுவலகக் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

கணக்குப் பிள்ளைக்கு இதில் இரண்டு குறிப்புகள். ஒரே மாநிலத்தில், ஒரே ஜிஎஸ்டி எண்ணின் கீழ் உள்ள கிளைகளுக்கிடையே சரக்கை மாற்றும்போது வரி கிடையாது, டெலிவரி சலான் போதும். ஆனால் சொந்தச் சரக்காக இருந்தாலும் தமிழ்நாட்டுக்குள் அதன் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும். அழித்த சரக்கை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்காக முன்பு கழித்துக்கொண்ட தொகையை (உள்ளீட்டு வரி வரவு) திருப்பிச் செலுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு மூன்றாம் வருடம் வட்டியோடு கட்டியவர்கள் உண்டு.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். பொங்கல் வியாபாரம் ஓய்ந்த பின், தைக் கடைசியில் எண்ணி முடித்து மாசியில் ஒப்படைத்தால், மேலாளருக்குக் கைப் பழகச் சில அமைதியான வாரங்கள் கிடைக்கும். ஏற்காட்டுக்கு மே மாதக் கோடை விழாக் கூட்டமும், சேலம் நகருக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆடியிலோ தீபாவளிக்கு முந்தைய மாதத்திலோ ஒப்படைப்பது நீச்சல் தெரியாதவனைக் காவிரியில் புதுவெள்ளம் வரும்போது இறக்குவதற்குச் சமம்.

இல்லை நோட்டு

ஒப்படைப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு கல்லாவிலும் ஒரு நாற்பது பக்க நோட்டை வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டு “இல்லை” என்று சொன்ன ஒவ்வொரு பொருளையும் அப்போதே அதில் எழுத வேண்டும். பில்லிங் மென்பொருள் விற்றதை மட்டுமே சொல்லும். விற்க முடியாமல் போனதை அது அறியாது. மையக் கொள்முதலின் பெரிய குருட்டுப் புள்ளி இதுதான். ஏற்காட்டு நோட்டின் முதல் வாரப் பக்கங்கள் என்னிடம் நெடுநாள் இருந்தன. அகல வாய் எண்ணெய் டப்பா, டார்ச் பேட்டரி, சின்ன பாக்கெட் டீத்தூள், குழந்தைக் குல்லா, காற்றுப் புகாத உப்பு டப்பா என்று பட்டியல் ஓடியது. குல்லா கேட்டது சுற்றுலா வந்தவர்கள். சின்ன பாக்கெட் டீத்தூள் கேட்டது வாரக் கூலி வாங்கும் காபித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஒரே கடையின் இரண்டு கூட்டங்களையும் சேலத்தில் உட்கார்ந்திருந்த என் பட்டியல் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரியாக்கி வைத்திருந்தது. தறி ஓடும் பகுதியில் உள்ள கிளைகளிலும் கூலி கொடுக்கும் நாளை ஒட்டி இதே போன்ற ஏற்ற இறக்கம் தெரியும். மேலாளரின் முதல் ஆர்டர் இந்த நோட்டிலிருந்து பிறக்கட்டும்.

வரம்பைப் பணத்தில் வையுங்கள்

எந்தச் சரக்கை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் அது பழைய முறையின் மறு வடிவமே. வரம்பு பணமாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கிளையின் வரும் மாத விற்பனை 20 லட்சம் ரூபாய் என்று எதிர்பார்க்கிறோம். மொத்த லாபம் விற்பனையில் 12 சதவீதம் என்றால், விற்கப்போகும் சரக்கின் அடக்க விலை 17 லட்சத்து 60 ஆயிரம். மாதத் தொடக்கத்தில் 24 லட்சத்துக்கு இருப்பு இருக்கிறது; அதை 22 லட்சமாகக் குறைக்க விரும்புகிறோம். 17.6 லட்சத்தோடு 22 லட்சத்தைக் கூட்டி 24 லட்சத்தைக் கழித்தால் 15 லட்சத்து 60 ஆயிரம் வருகிறது. அந்த மாதம் மேலாளர் அதற்குள் யாரையும் கேட்காமல் வாங்கலாம். பெரிய கம்பெனிகளோடு மையத்தில் பேசி முடித்த விலையில் வரும் சரக்கு ஏறக்குறைய 11 லட்சத்துக்கு இருக்குமானால், அதில் அவர் அளவை மட்டும் முடிவுசெய்வார். மீதியில் பொருளையும் விற்பவரையும் அவரே தேர்ந்தெடுப்பார்.

பருப்பும் மிளகாயும் சேலத்தின் மொத்தச் சந்தையான லீ பஜாரில் மொத்தமாக எடுத்தால் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மலிவு என்று கொள்முதல் பிரிவினர் உடனே சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒப்பிட வேண்டியது கடை வாசலில் இறங்கும் விலையை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் கிழிந்த மூட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சில சரக்குக்குக் குடோனும் சில சரக்குக்கு உள்ளூர் வியாபாரியும் மலிவாக வரும். குடோனும் ஒரு சப்ளையர்தான் என்று நினைத்து மேலாளர் இரண்டு விலையையும் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். மிளகும் காபிக்கொட்டையும் காலடியிலேயே விளையும் ஏற்காட்டுக்கு அவற்றைச் சேலத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மையத்தில் நிற்க வேண்டியவை சட்டத்தோடு ஒட்டியவை: வரிக் கணக்கு, சம்பளம், பில்லிங் மென்பொருள், ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகத் தேவைப்படும் உணவுப் பாதுகாப்பு உரிமம். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்குக் கீழே மேலாளர் விற்கலாம், மேலே ஒரு ரூபாய்கூடக் கூடாது. “மலைக்கு ஏத்துற கூலி” என்ற சாக்கு சட்டத்தில் செல்லாது. உள்ளூரில் வாங்கும் பாக்கெட் உணவில் உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கவும் அவருக்குச் சொல்லித் தாருங்கள். விற்பனையில் நிற்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 இலிருந்து சட்டம் சொல்கிறது. வேலை நேரப் பட்டியலை மேலாளர் போட்டாலும் இதில் அவருக்கு விருப்பத் தேர்வு இல்லை.

யாரிடம், எப்படி

எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இரண்டு போதும். ஒன்று, மற்றவற்றிலிருந்து வெகுவாக மாறுபட்ட கிளை, ஏற்காடு போல. மற்றொன்று நடுத்தரமாக ஓடும் கிளை. நட்டத்தில் கிடக்கும் கிளையை முதலில் எடுக்க வேண்டாம். அங்கே தோற்பது கடையின் இடமா, முறையா, ஆளா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

தேர்ந்தெடுத்த மேலாளரோடு கொள்முதல் பிரிவில் அனுபவமுள்ள ஒருவர் இரண்டு வாரம் கடையிலேயே உட்கார வேண்டும். பல ஆண்டு நல்ல பெயர் எடுத்த மேலாளர்களே லாபக் கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் அடக்க விலை மீது 25 சதவீதம், விற்பனை மீது 20 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, “25 சதவீதம் நிக்குதுல்ல” என்று 20 சதவீதத் தள்ளுபடி அறிவித்தவருக்குக் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. இதைத் தாளில் ஐந்தாறு முறை போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். வகுப்பறைப் பாடம் வேண்டாம்.

சம்பளத்தைப் பொறுப்புக்கு முன்பே உயர்த்துங்கள். ஊக்கத்தொகையை விற்பனையின் மேல் வைத்தால் தள்ளுபடியை அள்ளிக் கொடுத்து எண்ணை ஏற்றிவிடுவார்கள். மொத்த லாபத்திலிருந்து எக்ஸ்பயரி, டேமேஜ், இருப்புக் குறைவு ஆகியவற்றைக் கழித்த பிறகு நிற்கும் தொகையின் மேல் வையுங்கள்.

“கமிஷன் வாங்கிக்கொண்டு கண்டதை வாங்குவானே” என்பதுதான் உரிமையாளர்கள் முதலில் கேட்பது. நியாயமான பயம், ஆனால் முன் அனுமதி இதற்கு மருந்தல்ல. மைய அலுவலகத்திலும் கமிஷன் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வாங்குபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள்: மேலாளர் வாங்கட்டும், பணம் தலைமை அலுவலகத்திலிருந்து வங்கி வழியாகப் போகட்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கொள்முதலை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதால் இந்தப் பழக்கம் எப்படியும் நல்லது. விளைவித்தவரிடமே நேராக வாங்கும் வேளாண் பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. உறவினரிடம் வாங்கினால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், ஏதேனும் முப்பது பொருளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

தலைமை அலுவலகம் பழக வேண்டியது

உண்மையில் மேலாளரைப் பழக்குவதைவிட இதுதான் கடினம். கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் தங்கள் வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள், வாயால் சொல்லமாட்டார்கள். மேலாளரின் ஆர்டரைத் தாமதப்படுத்துவதில் அது வெளிப்படும். அவர்களின் புதிய வேலையை முதல் நாளே எழுதிக் கொடுங்கள்: கம்பெனிகளோடு விலை பேசுவது, ஒரு கிளை கண்டுபிடித்த நல்ல சரக்கை மற்றக் கிளைகளுக்குத் தெரியப்படுத்துவது, குடோனை மற்ற வியாபாரிகளோடு போட்டியிடும் நிலையில் வைத்திருப்பது.

உரிமையாளருக்கும் ஒரு விதி தேவை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ரேக் படம் கேட்டு, “அந்த டப்பாவை மேல் தட்டுக்கு மாத்து” என்று அனுப்பும் ஒரு செய்தி மூன்று மாத உழைப்பைத் தின்றுவிடும். கடைக்குப் போகட்டும், பார்க்கட்டும், தோன்றியதை நோட்டில் எழுதட்டும். எதையும் இடம் மாற்றக் கூடாது. வாரம் ஒருமுறை, குறித்த நாளில் பேசும்போது அதைக் கேள்வியாகக் கேட்கட்டும்.

இந்த விதியை நானே மீறியிருக்கிறேன். முதல் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் ஏற்காட்டு மேலாளர் மழைக்கோட்டும் குடையும் அளவுக்கு மேல் வாங்கிவிட்டார். மழை தள்ளிப்போனது, ஆவணி வந்தும் சரக்கு தேங்கியே கிடந்தது. நான் பதறிப்போய், இனி 25,000 ரூபாய்க்கு மேல் உள்ளூரில் வாங்கினால் என் ஒப்புதல் வேண்டும் என்று இரண்டு கிளைகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த மாதம் ஆத்தூரிலிருந்து வந்த ஆர்டர் பழைய மையப் பட்டியலின் அச்சு அசல் நகல். தவறே செய்யாத மேலாளரும் அன்றோடு யோசிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். ஐப்பசியில் மலையில் நல்ல மழை பிடித்து, அந்தக் குடைகள் பெரும்பாலும் முழு விலைக்கே விற்றுப்போயின. அந்த மின்னஞ்சலின் விளைவு சரியாக மட்டும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு கிளைக்கும் தவறுக்கென்றே ஒரு தொகையை ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கினோம். அதற்குள் நடக்கும் நட்டத்துக்கு விளக்கம் கேட்பதில்லை. தாண்டினால் உட்கார்ந்து பேசுவோம்.

அளப்பதில் அவசரம் வேண்டாம். ஏற்காட்டின் மே மாதத்தை ஜூனோடு ஒப்பிட்டால் எந்த மேலாளரும் தோற்றவராகத்தான் தெரிவார். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், சித்திரை, ஆடிப் பண்டிகை நாட்கள் மாதம் மாறி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் ஆறு மாதம் விற்பனையைவிட, சரக்கு எத்தனை நாள் கடையில் நிற்கிறது, எக்ஸ்பயரியில் எவ்வளவு போகிறது, இல்லை நோட்டில் வரிகள் குறைகின்றனவா என்ற மூன்றைப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

இரண்டு கிளைகளும் ஒரு தீபாவளியைத் தாண்டிய பிறகு அடுத்த மூன்றை எடுக்கலாம். அவற்றின் மேலாளர்களை உங்கள் அலுவலகத்துக்கு வரவழைக்காமல், ஏற்கெனவே பழகிய கிளைக்கு ஒரு வாரம் அனுப்பி வையுங்கள். ஒப்படைத்து முடித்த கிளைகளுக்கு, மையப் பட்டியலிலிருந்து சரக்குக் கேட்டு அனுப்பும் பழைய இன்டென்ட் படிவத்தை மென்பொருளிலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். அது திரையில் இருக்கும்வரை, அலுத்துப்போன ஒரு சனிக்கிழமை இரவில் மேலாளர் அதையே திறந்து, சென்ற மாத அளவுகளை அப்படியே நிரப்பி அனுப்பிவிடுவார். குடோனும் கேள்வி கேட்காமல் குறுகிய வாய் பாட்டில்களை வண்டியில் ஏற்றிவிடும்.